வயதெல்லையும் சமூகப் பொறுப்பும்: யப்பானின் றுபெல்லாத் தடுப்பூசிக் கொள்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஒரு நாட்டின் தடுப்பூசி அட்டவணையிலே ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் எதிரே ஒரு வயது குறிக்கப்பட்டிருக்கும். அவ்வயதைக் கடந்த ஒருவர் அதே மருந்தைக் கேட்டுச் செல்வாராயின், அது அவருக்குரியதன்று என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை மருத்துவ உண்மையொன்றினைக் கூறுவதாகவே கேட்பவர் கொள்வர். கூறுபவரும் அவ்வாறே கருதுவர். சில சந்தர்ப்பங்களில் அது உண்மையுமாகும். தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் குருதியில் எஞ்சியிருக்கும் இளங்குழந்தைக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி சரிவரப் பயன்தராது. றோட்டா வைரசுக்கான தடுப்பு மருந்தைக் குறித்த சில வாரங்களுக்குப் பின்னர் தொடங்கினால் குடற்செருகல் என்னும் ஆபத்து மிகும் என்பதனால் அதற்கும் ஒரு மேலெல்லை உண்டு. இத்தகைய எல்லைகள் உடலின் இயல்பிலிருந்து பிறந்தவை. ஆயின், அட்டவணையிற் காணப்படும் எல்லைகள் யாவும் இத்தன்மையன அல்ல. யாருக்கு முதலிற் கொடுப்பது, யாருக்காக அரசு செலவு செய்வது, தீங்கு நேரின் யார் பொறுப்பேற்பது என்னும் வினாக்களுக்கு ஒரு குறித்த காலத்து அரசு அளித்த விடைகளும் வயதெல்லை என்ற வடிவிலேயே அங்கு பதிவாகியுள்ளன. அவ்வகையில் தடுப்பூசி அட்டவணை ஒரு வரலாற்று ஆவணமுமாகும்.

2019ஆம் ஆண்டிலே யப்பானிய அரசு, 1962 ஏப்ரல் 2ஆந் திகதிக்கும் 1979 ஏப்ரல் 1ஆந் திகதிக்கும் இடையிற் பிறந்த ஆண்கள் அனைவரும், அதுவரை குழந்தைகளுக்கே உரியதாயிருந்த சின்னமுத்து–றுபெல்லாத் தடுப்பூசியை அரசு செலவிற் பெறலாம் என விதித்தது. ஏறத்தாழ 40 முதல் 57 வயது வரையான, ஒன்றரைக் கோடி அளவினரான ஆண்கள் இவ்வாறு தடுப்பூசிச் சட்டத்தின் வரம்பினுள் கொண்டுவரப்பட்டனர். ஏன் ஆண்கள் மட்டும்? ஏன் இந்தப் பதினேழு ஆண்டுகள் மட்டும்? ஓர் உடற்கூற்றியல் நூலும் இவ்வினாக்களுக்கு விடை தராது. விடையைத் தேடி 1977ஆம் ஆண்டுக்கும், அதற்கு முன்னருள்ள சில நிகழ்ச்சிகளுக்கும் நாம் செல்லவேண்டியுள்ளது.

2

எம்மவர் 'ஜேர்மன் சின்னமுத்து' என வழங்கும் றுபெல்லா, அதனைப் பெற்றவரைப் பொறுத்தவரை மிக எளிய நோயாகும். மூன்று நாட்கள் நிற்கும் செந்நிறப் பருக்கள், சிறு காய்ச்சல், காதின் பின்புறத்தும் கழுத்திலும் கட்டிகள். வளர்ந்த பெண்களுக்குச் சிலகாலம் மூட்டு நோவு. நோய் வந்ததை அறியாமலே கடந்து செல்பவர்களும் பலர். 1866இல் இதற்கு 'றுபெல்லா' என்ற பெயரை இட்ட பிரித்தானிய இராணுவ மருத்துவரான ஹென்றி வீல், இந்தியாவிற் கண்ட ஒரு பரவலைக் கொண்டே அதனை எழுதினார். அதன் பின்னர் முக்கால் நூற்றாண்டு காலம் மருத்துவ உலகு இந்நோயைப் பொருட்படுத்தவில்லை எனலாம்.

1941இல் சிட்னி நகரக் கண் மருத்துவரான நோர்மன் மக்கலிஸ்டர் கிறெக், பிறவிக் கண்புரையுடன் தம்மிடங் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் தொகை வழக்கத்தை மீறியிருத்தலைக் கண்டார். அக்குழந்தைகளின் அன்னையர், கருவுற்ற தொடக்க மாதங்களில் ஜேர்மன் சின்னமுத்தினால் பீடிக்கப்பட்டிருந்தனர். ஏனைய மருத்துவர்களிடமிருந்தும் திரட்டி, 78 குழந்தைகள் பற்றிய விபரங்களை அவ்வாண்டிலேயே அவர் அறிக்கைப்படுத்தினார். காத்திருக்கும் அறையில் அன்னையர் தம்முட் பேசிக்கொண்டமையே இத்தொடர்பை அவருக்கு உணர்த்தியது எனக் கூறப்படுவதுண்டு. கண்டுபிடிப்பின் பெருமையை மருத்துவருக்கே வழங்கும் மருத்துவ வரலாறுகளில் அன்னையரின் பங்கு ஓர் இடைக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது.

கிறெக் கண்ட குழந்தைகள் பிறப்பதற்குக் காரணமாயிருந்த 1940ஆம் ஆண்டுப் பரவலில் இராணுவ முகாம்களுக்குப் பெரும் பங்குண்டு. போருக்கெனத் திரட்டப்பட்ட இளைஞர்கள் முகாம்களில் நெருங்கி வாழ்ந்தபோது நோய் பரவியது. விடுமுறையில் இல்லந் திரும்பியோர் அதனைத் தம் மனைவியரிடங் கொண்டுசென்றனர். நோயின் கொடுமை பெண்ணின் கருவிலே வெளிப்பட்டது. நோய் வந்த வழியோ ஆண்கள் கூடி வாழ்ந்த, கூடித் தொழில் செய்த இடங்களினூடாக அமைந்தது. இவ்வுண்மை முதல் அறிக்கையின் காலத்திலேயே காணக்கிடந்தது என்பது மனங்கொளத்தக்கது. பிற்காலத்துக் கொள்கை வகுப்பாளர் இதனை எவ்வளவு எளிதில் மறந்தனர் என்பதைக் கீழே காண்போம்.

1964–65இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்பட்ட பெரும் பரவலிலே 1 கோடியே 25 இலட்சம் பேர் நோயுற்றனரென்றும், கண், காது, இருதயம் ஆகியவற்றிற் குறைபாடுகளுடன் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறந்தனரென்றும் கணிக்கப்பட்டுள்ளது. அப்போது ஒக்கினாவாத் தீவுகள் அமெரிக்க ஆட்சியின் கீழிருந்தன. அமெரிக்கப் படைத்தளங்கள் அங்கு நிறைந்திருந்தன. அமெரிக்காவிற் பரவிய நோய் ஒக்கினாவாவையும் சென்றடைந்தது. அச்சிறு தீவுக் கூட்டத்திலே 408 குழந்தைகள் பிறவி றுபெல்லாக் குறைபாடுகளுடன் பிறந்தமை பதிவாகியுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் செவிப்புலன் இழந்தவர்கள். அப்பிள்ளைகள் இடைநிலைக் கல்வி வயதை எட்டியபோது, அவர்களுக்கென்றே 1978இல் கித்தாசிரோ என்னும் பாடசாலை நிறுவப்பட்டது. கடைசி மாணவர் வெளியேறியதும், 1984இல், அது மூடப்பட்டது. ஒரு நோய்ப் பரவலுக்காகத் திறக்கப்பட்டு, அதன் பிள்ளைகள் வளர்ந்தவுடன் மூடப்பட்ட பாடசாலை! அதன் மாணவர்கள் யப்பானிய உயர் பாடசாலைகளின் அடிப்பந்தாட்டப் போட்டிகளிற் பங்குபற்றும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த கதை, பின்னர் நூலாகவும் திரைப்படமாகவும் வெளிவந்தது.

3

வைரசு 1962இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1969இல் அமெரிக்காவில் முதலாவது தடுப்பூசிக்கு அனுமதி வழங்கப்பட்டது. அதனை யாருக்கு ஏற்றுவது என்பதில் இரு வழிகள் தோன்றின. அமெரிக்கா, ஆண் பெண் வேறுபாடின்றிச் சிறு பிள்ளைகள் யாவருக்கும் ஏற்றி, நோயின் சுற்றோட்டத்தையே நிறுத்த முற்பட்டது. பிரித்தானியா 1970 முதல் பாடசாலைச் சிறுமியருக்கு மட்டும் ஏற்றியது. இரண்டாவது வழியை இன்று எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் அதற்கும் ஒரு தருக்கம் இருந்தது. குழந்தைப் பருவத்திற் பெறும் செயற்கை நிர்ப்பீடனம் தாய்மை வயதுவரை நிலைக்குமா என்பது அன்று தெளிவாகவில்லை. நோய் சிறுவரிடையே இயல்பாகச் சுற்றி வருமாயின் பெரும்பாலான சிறுமியர் இயற்கையாகவே நிர்ப்பீடனம் பெறுவர். எஞ்சியோருக்குப் பருவமெய்தும் வயதில் ஊசி ஏற்றினாற் போதும் எனக் கருதப்பட்டது. செலவும் குறைவு.

1977இல் யப்பான் பிரித்தானிய வழியையே தெரிந்தெடுத்தது. 1975 முதல் அந்நாட்டிற் பரவிய றுபெல்லாவும், 1972இல் யப்பானுடன் மீண்டும் இணைந்த ஒக்கினாவாவின் பிள்ளைகளும் இம்முடிவின் பின்னணியில் இருந்தனர். கனிட்ட இடைநிலைப் பாடசாலையிற் பயிலும், 12 முதல் 15 வயது வரையான சிறுமியர் பாடசாலையிலேயே வரிசையாக நிறுத்தப்பட்டு ஊசி ஏற்றப்பட்டனர். அதே வகுப்பறையில் இருந்த சிறுவர் விடப்பட்டனர். 1962 ஏப்ரல் 2 என்ற திகதியின் பிறப்பிடம் இதுவே. 1977இல் கனிட்ட இடைநிலைப் பாடசாலையின் இறுதி வகுப்பிலிருந்தோர் அத்திகதிக்குப் பின் பிறந்தோராவர். அதற்கு முன் பிறந்த பெண்களும் தடுப்பூசி பெறவில்லை. ஆயின் அத்தலைமுறையினர், ஆண் பெண் இருபாலாரும், சிறுவயதில் நோயையே பெற்று நிர்ப்பீடனம் அடைந்தவர்கள்.

மேற்குறித்த தருக்கத்தில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. றுபெல்லாத் தடுப்பூசி உயிருள்ள, வீரியங் குறைக்கப்பட்ட வைரசினால் ஆனது. ஆதலின் கருவுற்ற பெண்ணுக்கு அதனை ஏற்றுதல் ஆகாது. தனக்கு நிர்ப்பீடனம் இல்லையெனக் கருவுற்ற பின்னர் ஒரு பெண் குருதிப் பரிசோதனையால் அறிவாளாயின், அவள் தன்னளவிற் செய்யத்தக்கது எதுவுமில்லை. கருவின் முதல் மூன்று மாதங்களுள் நோய் தொற்றினால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு, அதிலும் முற்பட்ட வாரங்களில், 90 வீதம் வரை செல்லக்கூடும். அக்காலத்தில் அவளைக் காக்கவல்லது அவளைச் சூழ்ந்திருப்போரின் நிர்ப்பீடனமே. கணவன், உடன் தொழில் செய்வோர், புகையிரதத்தில் அருகே நிற்கும் அந்நியன் ஆகியோரின் உடல்களிலேயே அவளது பாதுகாப்பு உறைகின்றது. எந்தத் தடுப்பூசியும் பெறுபவர் அனைவரிடத்தும் பயனளிப்பதில்லை. எந்தத் திட்டமும் எல்லாப் பெண்களையும் சென்றடைவதுமில்லை. அவ்வாறு தப்பிப்போன ஒவ்வொரு பெண்ணும் ஆண்களிடையே சுற்றிவரும் நோயின் முன் தனித்து நிறுத்தப்பட்டாள்.

இம்முடிவினைத் தொழில்நுட்பக் கணிப்பு என்று மட்டுங் கொள்ளலாகாது. 'நல்ல மனைவி, அறிவுடைய தாய்' என்னும் மெயிஜிக் கால இலட்சியத்திற் பெண்கல்வியை வார்த்தெடுத்த சமூகம் அது. வருங்காலக் குழந்தையைக் காக்கும் கடமை பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையில் ஊசியாக ஏற்றப்பட்டபோது, அதனை வியப்புக்குரியதென எவரும் கருதவில்லை. பிரித்தானியாவிலும் அவ்வாறே. பொருளாதாரக் கணக்கும் குடும்பக் கருத்தியலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே பொருத்தமாகும். இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாக்குவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும்.

பிரித்தானியா 1988இல் இருபாற் குழந்தைகளுக்குமான முக்கூட்டுத் தடுப்பூசிக்கு மாறியது. 1994இல் 5 முதல் 16 வயது வரையான மாணவர், மாணவியர் இருபாலாருக்கும் பெரியதோர் இயக்கத்தை நடத்தியது. ஆயினும், பாடசாலை வயதைக் கடந்தபின் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்த ஆசிய, ஆபிரிக்கப் பெண்களிடையே நிர்ப்பீடனமற்றோர் கூடுதலாகக் காணப்பட்டமையை அங்கு நடந்த ஆய்வுகள் வெளிப்படுத்தின. பாடசாலையை வாயிலாகக் கொண்ட திட்டம், அவ்வாயிலாற் புகாதவரைக் காண்பதில்லை.

4

யப்பானின் தடுப்பூசிச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. தண்டனை விதியுடன் கூடிய கட்டாயச் சட்டம் அது. அவ்வாண்டிலேயே கியோத்தோவிலும் சிமானேயிலும் தொண்டைக்கரப்பான் தடுப்பூசியில் நச்சு நீக்கம் முழுமையடையாமையால் எண்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். கட்டாயமும் துயரமும் ஒரே ஆண்டிற் பிறந்தன எனலாம். 1976இற் தண்டனை விதி நீக்கப்பட்டு, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்கும் முறை வந்தது. 1989இல் அறிமுகமான முக்கூட்டுத் தடுப்பூசியில் இருந்த கூகைக்கட்டு வைரசு வகை மூளைய உறை அழற்சியை விளைவித்ததால், 1993இல் அத்தடுப்பூசி நிறுத்தப்பட்டது. இதற்கிடையில், 1992 டிசம்பரிலே, தடுப்பூசியாற் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கொன்றில் தோக்கியோ உயர் நீதிமன்றம் அரசின் பொறுப்பினை நிலைநாட்டித் தீர்ப்பளித்தது.

இவ்வழக்குகளைத் தொடுத்த பெற்றோரின் போராட்டம் நியாயமானது. ஆயின் அரசு அதிலிருந்து பெற்றுக்கொண்ட பாடம் வேறு. 1994இல் சட்டம் திருத்தப்பட்டுக் கட்டாயம் கைவிடப்பட்டது; தடுப்பூசி பெறுதல் குடிமக்கள் 'முயலவேண்டிய' கடமையாயிற்று. பாடசாலை வரிசை நீங்கி, பெற்றோர் பிள்ளையைத் தனியே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் முறை வந்தது. 1995 முதல் றுபெல்லாத் தடுப்பூசி 12 மாதங்களுக்கும் 90 மாதங்களுக்கும் இடைப்பட்ட இருபாற் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. இது ஒரு முன்னேற்றமே. 1979 ஏப்ரல் 2ஆந் திகதிக்கும் 1987 ஒக்டோபர் 1ஆந் திகதிக்கும் இடையிற் பிறந்தோர் இடைக்கால ஏற்பாடாகக் கனிட்ட இடைநிலை வகுப்பில், ஆண் பெண் இருபாலாரும், உரிமை பெற்றனர். ஆனால் வரிசை இல்லாத நிலையில், பெற்றோருடன் மருத்துவரிடஞ் சென்று ஊசி பெற்ற மாணவர் தொகை பெரிதும் வீழ்ச்சியுற்றது.

1979 ஏப்ரலுக்கு முன் பிறந்த ஆண்கள்? அவர்கள் 1995இல் பதினாறு வயதைக் கடந்திருந்தனர். சட்டம் முன்னோக்கியே பார்த்தது. பின்னால் விடப்பட்டோரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்களுக்கு மட்டும் என்றிருந்த விதியை மாற்றிய அதே வேளையில், அவ்விதியினால் விலக்கப்பட்ட பதினேழு ஆண்டுத் தலைமுறைக்கு ஈடு செய்யும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. 'வயதெல்லையைக் கடந்தவர்' என்ற சட்ட நிலை இவ்வாறு உருவாயிற்று.

இச்சட்ட நிலையின் பொருள் யாதென நோக்குதல் வேண்டும். யப்பானிலே 'நியமத் தடுப்பூசி' என்றும் 'விருப்பத் தடுப்பூசி' என்றும் இரு பிரிவுகள் உள. மருந்து ஒன்றே, ஊசியும் ஒன்றே. உரிய வயதில் ஏற்றினால் அது நியமத் தடுப்பூசி. செலவை உள்ளூராட்சி மன்றம் ஏற்கும். தீங்கு நேரின் தடுப்பூசிச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கிடைக்கும். வயதைக் கடந்தபின் ஏற்றினால் அதுவே விருப்பத் தடுப்பூசியாகிவிடும். பெறுபவரே ஏறத்தாழ 10,000 யென் செலுத்தவேண்டும். நோய் வந்தபின் செய்யும் சிகிச்சைக்கே உரியதாகிய மருத்துவக் காப்புறுதி அதனைப் பொறுப்பேற்பதில்லை. தீங்கு நேரின், மருந்துகளின் பக்கவிளைவுகளுக்கான வேறொரு நிதியத்திடம் செல்லவேண்டும். அது வழங்கும் தொகையோ குறைவு. நாற்பது வயது ஆணின் உடலில் இத்தடுப்பூசி குழந்தையின் உடலிற்போலவே பயன் தரும். மாறுவது பொறுப்பை ஏற்பவர் யார் என்பது மட்டுமே. 'இது உங்களுக்குரிய வயதன்று' என்ற கூற்றின் உட்பொருள், பல வேளைகளில், 'இது எமது செலவன்று' என்பதேயாகும்.

5

யப்பான் தன் வளர்ந்தோரைக் கைவிட்டிருந்த இதே ஆண்டுகளில் இலங்கை வேறொரு திசையிற் சென்றமை ஒப்புநோக்கத்தக்கது. 1994–95இல் இங்கு றுபெல்லா பரவியதையும் பிறவிக் குறைபாடுகள் காணப்பட்டதையும் அடுத்து, 1996இல் கருத்தரிக்கும் வயதுடைய, 44 வயது வரையான பெண்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. தடுப்பூசியென்றால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டுமே உரியதென எண்ணப்பட்ட காலத்தில், முப்பது நாற்பது வயதுப் பெண்களையும் அத்திட்டம் அழைத்தது. கிராமந்தோறும் வீடு வீடாகச் செல்லும் குடும்ப சுகாதார மருத்துவ மாதரும், தாய் சேய் நல நிலையங்களும் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தமையால் இது இயல்வதாயிற்று. தனிநபர் வருமானத்தில் யப்பானுக்கு எட்டாத் தொலைவிலிருந்த நாடு, இலவச சுகாதார சேவையின் பலத்தினால் வயதெல்லையை நெகிழ்த்த முடிந்தது என்பது முற்போக்குச் சிந்தனையாளர் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்றாகும்.

எனினும் இதனை மிகைபடக் கூறுதலுந் தவறு. இங்கும் முதலில் அழைக்கப்பட்டவர் பெண்களே. ஆண்களைப் பற்றிய வினா 2001இல், மூன்று வயதுச் சிறுவர் சிறுமியர் இருபாலாருக்கும் சின்னமுத்து–றுபெல்லாத் தடுப்பூசி வழங்கப்பட்ட பின்னரே தீர்வை நோக்கிச் சென்றது. 2004இல் 16 முதல் 20 வயது வரையான இளைஞர், யுவதியருக்கு விசேட ஏற்பாட்டில் அதே தடுப்பூசி ஏற்றப்பட்டது. வயதுவந்த பெண், குழந்தை, இடையில் விடுபட்ட இளைஞன் என்ற மூன்று முனைகளும் எட்டு ஆண்டுகளுக்குள் தொடப்பட்டன. 2020இல் உலக சுகாதார தாபனம் இலங்கையில் றுபெல்லா ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது.

6

2004இல் யப்பானிற் பிறவி றுபெல்லாக் குறைபாட்டுடன் 10 குழந்தைகள் பிறந்தன. அவ்வாண்டு ஓகத்தில் நிபுணர் குழுவொன்று அவசரப் பரிந்துரையொன்றினை வெளியிட்டது. கருவுற்ற பெண்களின் கணவர்மாரும் குடும்பத்தினரும் தடுப்பூசி பெறவேண்டுமென அது வற்புறுத்தியது. எனவே வயதுவந்த ஆண்களிடையேதான் இடைவெளி உள்ளது என்பது 2004இலேயே அறியப்பட்டிருந்தது. ஆயின் பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. செலவும் பொறுப்பும் தனியாளிடமே விடப்பட்டன. 2007இல் சின்னமுத்து பரவிப் பல பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது மட்டும் அரசு விரைந்து செயற்பட்டு, 2008 முதல் ஐந்தாண்டுகளுக்கு 13, 18 வயதினருக்கு மேலதிக ஊசி ஏற்றியது. பல்கலைக்கழகம் மூடப்படுதல் பத்திரிகைகளின் முதற்பக்கச் செய்தியாகும். தொழிலகத்தில் ஒருவர் மூன்று நாட் பருக்களுடன் வேலைக்கு வருதல் செய்தியாவதில்லை.

2012இல் 2,300க்கு மேற்பட்டோரும், 2013இல் 14,300க்கு மேற்பட்டோரும் றுபெல்லாவினாற் பீடிக்கப்பட்டமை பதிவாயிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்தோர். நான்கில் மூன்று பங்கினர் ஆண்கள். தோக்கியோ, ஒசாக்கா முதலிய பெருநகரங்களின் அலுவலகங்களிலும் தொழிலகங்களிலும் நோய் பரவியது. 1977இன் முடிவு முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், எவ்வித மாற்றமுமின்றி, நோயாளரின் வயது–பால் வரைபடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரு கொள்கையின் விளைவு இத்துணைத் தெளிவாக எண்களில் வெளிப்படுதல் வரலாற்றிற் காண்பதரிது. இப்பரவலின் விளைவாக 45 குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளுடன் பிறந்தன. பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வில் அவற்றுட் குறைந்தது 11 குழந்தைகள் இறந்தமை தெரியவந்தது.

அக்காலத்தில் நிர்ப்பீடனம் இல்லையென அறிந்த கர்ப்பிணிப் பெண்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை, கூட்டமான இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதாகும். தொழிலுக்குச் செல்லும் பெண்ணுக்கு அது எவ்வாறு இயலும்? சில உள்ளூராட்சி மன்றங்கள் கணவர்மாருக்கான ஊசிச் செலவிற் பங்கேற்றன. அதனால் ஊசி கேட்டு வந்தோர் தொகை பெருகவே, 2013 யூன் மாதத்தில் மருந்துத் தட்டுப்பாடு பற்றிய எச்சரிக்கையை அரசு விடுக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் அன்னையர் அமைப்பாகத் திரண்டு, வளர்ந்த ஆண்களுக்கும் அரசு செலவில் ஊசி ஏற்றப்படவேண்டுமெனக் கோரினர். கிறெக்கின் காத்திருக்கும் அறையில் தொடங்கிய அன்னையரின் உரையாடல் இங்கு அரசியற் கோரிக்கையாக உருப்பெற்றது எனலாம். 2014இல் வெளியான அரசின் வழிகாட்டற் கொள்கை, 2020 அளவில் நோயை ஒழித்தலை இலக்காக விதித்தது. ஆயினும் விடுபட்ட ஆண்களை நியமத் தடுப்பூசியினுட் சேர்க்கவில்லை. 2018இல் மீண்டும் 2,900க்கு மேற்பட்டோர் நோயுற்ற பின்னரே அம்முடிவு எடுக்கப்பட்டது. பரிந்துரைக்கும் செயலுக்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

7

2019இன் திட்டத்துக்கு இடப்பட்ட பெயர் 'ஐந்தாம் பருவம்' என்பதாகும். முதலாம் பருவம் ஒரு வயதுக் குழந்தைக்கும், இரண்டாம் பருவம் பாடசாலை செல்லவிருக்கும் பிள்ளைக்கும், மூன்றாம் நான்காம் பருவங்கள் 13, 18 வயதினருக்கும் உரியனவாயிருந்தன. அவ்வரிசையிலே ஐம்பது வயதுத் தொழிலாளி ஐந்தாம் பருவத்தவனாக வந்து நின்றான்! சட்டத்தின் இயல்பே இது: தான் இழைத்த குறையைக் குறையென ஏற்காது, வரிசையில் மற்றுமொரு எண்ணாகச் சேர்த்துக்கொள்ளும்.

இவ்வாண்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சிறுவயதில் நோயுற்று நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர். எனவே மருந்தைச் சிக்கனப்படுத்துமுகமாக, முதலிற் குருதிப் பரிசோதனை, பிறபொருளெதிரி போதாதோருக்கு மட்டும் பின்னர் ஊசி என்று வகுக்கப்பட்டது. உள்ளூராட்சி மன்றங்கள் தபால் மூலம் இலவசச் சீட்டுகளை அனுப்பின. முதலாண்டில் 1972 ஏப்ரலுக்குப் பின் பிறந்தோருக்கும், அடுத்து மூத்தோருக்கும் அவை சென்றன. மருந்தின் கணக்கு சரியானதே. மனிதரின் கணக்குத் தவறியது. இரு தடவைகள் மருத்துவரிடஞ் செல்லவேண்டும். இரண்டும் வேலை நாட்களாயிருக்கும். தனக்கு எவ்வித நோவுமில்லாத, வந்தாலும் மூன்று நாளில் நீங்கும் ஒரு நோய்க்காக, முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கருவைக் காக்கும்பொருட்டு, ஒருவன் தன் நாட்கூலியை அல்லது விடுமுறையை விடவேண்டும். இதனை உணர்ந்தே, 1972இன் தொழிற் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டப்படி ஆண்டுதோறும் தொழிலகங்களில் நடைபெறும் உடற்பரிசோதனையுடன் இதனையும் இணைக்க வழி செய்யப்பட்டது. அச்சட்டத்தின் நிழலில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளருக்கு அது உதவியது. சுயதொழில் செய்வோருக்கு அந்நிழல் இல்லை.

1977இல் அதே வயதுச் சிறுமியர் வரிசையில் நின்று ஊசி பெற்றபோது எவரும் அவர்களது விருப்பத்தைக் கேட்கவில்லை. சிறுவர்கள் வளர்ந்து ஆண்களான பின்னரோ சீட்டு அனுப்பப்பட்டு, அவர்களது ஓய்வும் விருப்பமும் எதிர்பார்க்கப்பட்டன. பாடசாலையில் ஒரு நாளில் முடிந்திருக்கக்கூடியது, ஆறாண்டுகள் முயன்றும் முற்றுப்பெறவில்லை. 2020இற் தொடங்கிய கொவிட் பெருந்தொற்று மருத்துவரை நாடும் வழக்கத்தையே குலைத்தது. மூன்றாண்டுகளுக்கென வகுக்கப்பட்ட திட்டம் 2025 மார்ச் வரை நீடிக்கப்பட்டது. அப்போதும் சீட்டுப் பெற்றோரிற் பெரும்பான்மையோர் பரிசோதனைக்கு வந்திருக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தின் பயணத் தடைகளும் முகக் கவசமும், இத்திட்டத்தின் வழி ஊசி பெற்றோரின் தொகையும் சேர்ந்து, 2020இன் பின் நோயாளர் தொகையை மிகக் குறைத்தன. 2025 செப்டெம்பரில் யப்பானில் றுபெல்லா ஒழிக்கப்பட்டமையை உலக சுகாதார தாபனத்தின் மேற்குப் பசிபிக் பிராந்தியம் உறுதிப்படுத்தியது. 2025 மார்ச்சுக்குள் பரிசோதிக்கப்பட்டு, நிர்ப்பீடனம் போதாதெனக் காணப்பட்டும், மருந்துத் தட்டுப்பாட்டினால் ஊசி பெற இயலாது போன ஆண்களுக்கு 2027 மார்ச் வரை தவணை வழங்கப்பட்டுள்ளது. பரிசோதனைக்கே வராதிருந்தோர், 2025 ஏப்ரல் முதல், மீண்டும் வயதெல்லையைக் கடந்தவர்களாயினர்.